"பழகிவிடும்" என்றொரு பொய்

முன்னேஸ்வரத்து மண்ணில் விலங்குகளின் உயிரைப் பற்றிப் பேசுவது புதிய செய்தியன்று. இங்குள்ள பத்திரகாளி கோயிலில் ஆடுகளையும் கோழிகளையும் பலியிடும் வழக்கம் குறித்து நாடே வாதிட்டது. 2011 செப்டெம்பரில், அப்போது அமைச்சராக இருந்த மேர்வின் சில்வா நேரில் வந்து, பலிக்கெனக் கொணரப்பட்ட விலங்குகளை ஏற்றிச் சென்றார். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. பத்திரிகைக்காரனாகிய நானும் என் பங்குக்கு எழுதினேன். உயிர்களிடத்து அன்பு, மரபு, சட்டம் என்று பெரிய சொற்களையெல்லாம் அடுக்கினேன். அவ்வாறு எழுதிய நானே, சென்ற ஆவணித் திருவிழாவின் போது, என் வீட்டு விறாந்தையில் ஓர் உயிர் துடித்துச் சாவதற்குக் காரணமானேன்.

அவ்வுயிர் ஓர் எலி. சிரிக்க விரும்புவோர் இப்போதே சிரித்துவிடலாம். நான் எழுத வந்தது சிரிப்பதற்கன்று.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் மகள் பாடசாலை மாணவி. ஓராண்டுக்கு மேலாக ஒரு வெள்ளெலியை வளர்த்து வந்தாள். வெள்ளையன் என்று பெயர். திருவிழாவுக்காக எங்கள் வீட்டில் தங்க வந்தபோது கூட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். வரும் வழியில், வண்ணமீன் விற்கும் ஒரு கடையில், வெள்ளையனுக்குத் துணையாக இன்னொரு சிறிய ஆண் எலியையும் வாங்கியிருந்தார்கள். "இதற்கு வேறு கூடு வேண்டுமா?" என்று பிள்ளை கடைக்காரரைக் கேட்டிருக்கிறாள். தேவையில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இருந்தும் அவள் மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்டாள். "மாமா, இதை உள்ளே விடலாமா?"

மூத்தவன், நாலு ஊர் கண்டவன், முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் குப்பை கொட்டியவன். கேட்ட கேள்விக்கு விடை தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "விடு பிள்ளை. முதலில் கொஞ்சம் சண்டை பிடிக்கும், ரெண்டு நாளில் பழகிவிடும்" என்றேன். கூட்டின் கதவு திறந்தது, மூடியது. நாங்கள் கோயிலுக்குப் போனோம். ஒலிபெருக்கியின் ஓசையில் வீட்டில் என்ன நடந்ததென்று எவர் காதிலும் விழவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது புதிய எலி தண்ணீர்ப் போத்தலின் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. முதுகிலும் பின்தொடையருகிலும் ஆழமான கடிகள். மூன்றாம் நாள் அது இறந்துபோயிற்று.

கடைக்காரரிடம் சொன்னபோது, பாவம் அவர் நல்ல மனிதர், "காசு வேண்டாம், வேறொன்று தருகிறேன்" என்றார். உடைந்த கோப்பைக்கு மாற்றுக் கோப்பை தருவது போல. எனக்குச் சினம் வந்தது அப்போதுதான். அவர் மீதன்று, என் மீது. அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு?

அதன் பின்னர்தான் படிக்கத் தொடங்கினேன். செய்தியை வெளியிட்ட பிறகு சரிபார்க்கும் நிருபனைப் போன்ற நிலை. படித்தவற்றுள் என்னை முதலில் அறைந்தது ஒரு சோதனைமுறை. விலங்குகளின் மூர்க்கத்தை ஆராயும் அறிவியலாளர்கள் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருவது அது. குடியிருப்பவனும் நுழைபவனும் என்று அதற்குப் பெயரிடலாம். வளர்ந்த ஓர் ஆண் எலியை ஒரு கூட்டில் சில நாட்கள் குடியிருத்துவார்கள். அதன் மணம் கூடெங்கும் ஊறட்டும் என்று படுக்கைத் தூளைக்கூட மாற்றமாட்டார்கள். பிறகு அறிமுகமற்ற இன்னோர் ஆணை, பெரும்பாலும் எடையிற் சிறியதை, அக்கூட்டுக்குள் விடுவார்கள். தாக்குதல் எத்தனை நொடியில் தொடங்குகிறது, எங்கே கடி விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சில நிமிடங்களில் நுழைந்ததை வெளியே எடுத்தும் விடுவார்கள்.

வாசகர்களே, இதனை நிதானமாக எண்ணிப் பாருங்கள். சண்டை வரவேண்டும் என்று திட்டமிட்டு ஆய்வுகூடத்தில் எதைச் செய்கிறார்களோ, அதனையே நாம் வீட்டில் செய்துவிட்டு, "அறிமுகம்" என்று பெயர் சூட்டுகிறோம். ஆய்வுகூடத்திலாவது ஒருவர் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போய்விட்டோம்.

வெள்ளையன் கொடியவனா? அல்லன். வெள்ளெலிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அதன் உலகம் மணத்தாலானது. கூட்டின் ஒவ்வொரு மூலையிலும் தன் மணத்தை இட்டு, இது என் இடம் என்று எழுதி வைத்திருந்தது. ஓர் இரவில் அந்நிய ஆணின் மணம் நடுவீட்டில் வந்து நின்றது. அது எலியின் நியாயப்படி நடந்துகொண்டது. மனிதனின் நியாயப்படி நடந்துகொள்ளாதவன் நான்.

இனி, இப்படிச் சொன்னதும் எழும் மறுமொழிகளுக்கு வருகிறேன். நண்பர்களிடமும் உறவினரிடமும் இவற்றை நேரிலேயே கேட்டவன் நான்.

"ஒன்றைத் தனியாகவே வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே" என்பது முதலாவது. தனியாக வளர்ந்தால் மனிதரோடு இன்னும் நெருக்கமாகப் பழகும் என்றுகூடச் சொல்கிறார்கள். எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றன் மேல் ஒன்று ஏறி உறங்குவதும், ஒன்றன் கழுத்தை மற்றொன்று கோதிவிடுவதும் அதன் அன்றாட வாழ்வு. நாம் உறங்கும் இரவுதான் அதற்குப் பகல். பிள்ளை பாடசாலைக்குப் போய், மாலை வகுப்புக்குப் போய், மீதியாகும் அரைமணி நேரத்தில் அதற்கு எவ்வாறு உறவாகிவிட முடியும்? சுவிற்சர்லாந்து 2008 இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், கூடிவாழும் இனங்களுக்குத் தம்மினத்தாரோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்று எழுதி வைத்தது. இலங்கையில் 1907 இல் எழுதப்பட்ட மிருகவதைத் தடைச் சட்டம் விதித்த உச்சத் தண்டமோ நூறு ரூபாய். தனிமையும் ஒரு வதை என்பது அதனை எழுதியவர்களின் கனவிலும் தோன்றியிராது.

நம்மவர்க்கு இதில் ஒரு குழப்பமும் உண்டு. இரவில் சுவரோரமாகத் தனியே ஓடும் மூஞ்சூற்றைக் கண்டு பழகியவர்கள் நாம். பிள்ளையாரின் வாகனம் என்று கைகூப்பியும் பழகியவர்கள். மூஞ்சூறு உண்மையில் எலியினமே அன்று. பூச்சிகளைத் தின்னும் வேறு குலம். அது பெரும்பாலும் தனித்தே வாழும். அதனைப் பார்த்துவிட்டு எலியும் தனிக்குடித்தனக்காரன் என்று முடிவு கட்டுவது, பூனையைப் பார்த்து நாயைப் பற்றி எழுதுவது போன்றது.

"எலிக்காய்ச்சல் வரும், எலியை வீட்டில் வைப்பதே பிழை" என்பது இரண்டாவது. இதனை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். 2008 இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகியபோது, 7,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகக் கருதப்பட்டனர். செய்தி மேசையில் இருந்து அத்துயரத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அச்சத்திலிருந்து பிறக்க வேண்டியது ஒழுங்கு. வயலிலோ கூரையிலோ பிடித்த காட்டெலியைத் துணையென்று வளர்ப்பெலியின் கூட்டில் விடாதீர்கள். கடையிலிருந்து வந்ததையும் உடனே சேர்க்காதீர்கள். குறைந்தது இரண்டு கிழமை, கூடுமானால் மூன்று, வேறோர் அறையில் வைத்துப் பாருங்கள். தும்மல், மூச்சிரைப்பு, உண்ணி, மெலிவு எதுவாயினும் அந்நாட்களில் வெளிப்பட இடமுண்டு. கண்ணோரத்தில் செந்நிறக் கசிவு கண்டால் இரத்தமென்று பதறுவார்கள். அது இரத்தமன்று, கண்ணருகிலுள்ள ஒரு சுரப்பியின் நீர். ஆனால் தொடர்ந்து கசிந்தால் விலங்கு நோயுற்றோ கலங்கியோ இருக்கிறதென்று பொருள். கூட்டைத் துப்புரவு செய்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இவ்வளவும் செய்ய இயலாதவர் எலி வளர்க்க வேண்டியதில்லை.

"சண்டை போட்டுத்தானே பழக வேண்டும்?" என்பது மூன்றாவது. இங்கேதான் பாதி உண்மை முழுப் பொய்க்குச் சேவகம் செய்கிறது. எலிகள் புதியவனோடு உரசும், மல்லாத்தும், மேலே ஏறும், கீச்சிடும். இவை அனைத்தையும் தடுக்கப் புகுந்தால் அவை ஒருநாளும் ஒன்று சேரா. ஆனால் விளையாட்டு வேறு, வேட்டை வேறு. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ஜியோ பெல்லிஸ் இதனை நீண்டகாலம் ஆராய்ந்தவர். விளையாடும் எலியின் மூக்கு மற்றதன் பிடரியைத் தேடும். பகை கொண்ட எலியின் பல் பின்முதுகையும் பின்புறத்தையும் தேடும். இந்த ஒரு வேறுபாட்டை அன்று நான் அறிந்திருந்தால், முதல் நிமிடத்திலேயே அந்தக் குட்டியை வெளியே எடுத்திருப்பேன். மயிர் சிலிர்த்து உடல் இருமடங்காகத் தோன்றுவது, பக்கவாட்டில் நகர்ந்து நெருக்குவது, சீறுவது, வாலைச் சுழற்றி அடிப்பது ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது பிரித்தாக வேண்டும். வெறுங்கையால் அன்று, தடித்த துவாயால். வெறுங்கையை நீட்டினால் கடி உங்களுக்கு.

"சின்னப் பெட்டியில் இரண்டையும் அடைத்துக் குலுக்கிக்கொண்டு போனால் சமாதானமாகிவிடும்" என்பார் சிலர். வெளிநாடுகளில் அனுபவமுள்ள வளர்ப்போர் சிலர் சிறிய பெட்டியில் தொடங்கி மெல்ல இடத்தைப் பெருக்கும் முறையைக் கண்காணிப்போடு கையாள்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. குலுக்கலைப் பற்றித்தான் என் வழக்கு. அச்சத்தால் உறைந்து இரண்டும் அசையாதிருப்பதைப் பார்த்து நட்பென்று மகிழ்வது பேதைமை. அமைதி வேறு, இணக்கம் வேறு.

கடைசி மறுமொழிதான் மிகவும் பழையது. "ஓர் எலிக்கு இத்தனை பாடா?" ஆம், ஐயா. அந்த எலி நம் வீட்டுக்கு வழிதெரியாமல் வந்துவிடவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கினோம். ஓடித் தப்ப வழியில்லாத கம்பிகளுக்குள் நாமே வைத்தோம். காட்டில் தோற்ற எலி ஓடிவிடும். கூட்டில் தோற்ற எலி எங்கே ஓடும்? கதவைச் சாத்தியவன் எவனோ அவன் மீதே பொறுப்பும் சாத்தப்படுகிறது.

எலி ஒன்றையொன்று பொருட்படுத்தாத பிராணி என்று நினைப்போருக்கு இன்னொன்றும் சொல்வேன். 2011 இல், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்த்தால் என்பவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழாய்க்குள் சிக்கிய தன் கூட்டாளியை மற்ற எலி கதவு திறந்து விடுவித்தது. அருகில் சொக்கிலேற் இருந்தும் விடுவித்தது. 2014 இல் அதே குழுவினர் மேலும் ஒன்றைக் கண்டார்கள். வேற்று வகை எலியை அது விடுவிக்கவில்லை. ஆனால் அவ்வகையைச் சேர்ந்த ஒன்றோடு இரண்டு கிழமை சேர்ந்து வாழ்ந்த பின், அவ்வகையின் முன்பின் அறியாத எலிகளையும் விடுவித்தது. பழக்கம் என்பது மெய்யாகவே பெரிய காரியம் செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? "பழகிவிடும்" என்ற சொல்லில் உள்ள பொய், பழக்கம் நிகழாது என்பதன்று. எவரும் எதுவும் செய்யாமலே நிகழும் என்பதுதான்.

வெள்ளையனுக்கு வருகிறேன். குட்டி இறந்த பிறகு, "இதனை வயலில் விட்டுவிடுவோம்" என்றார் ஒருவர். பிறந்தது முதல் கூட்டில் வாழ்ந்த வெள்ளெலியை வயலில் விடுவது காகத்துக்கும் பாம்புக்கும் படையலிடுவது. பிள்ளை சம்மதிக்கவில்லை. கொழும்பில், சிறு பிராணிகளுக்கு அறுவை செய்து அனுபவமுள்ள ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். ஓராண்டு தனித்திருந்த, ஒருமுறை கொன்றும் விட்ட ஆணுக்கு நலந்தட்டுவதே வழி என்றார் அவர். அதன் பின்னரும் பல கிழமைகள் காத்திருக்கச் சொன்னார். மூர்க்கம் உடலிலிருந்து மெல்லத்தான் வடியும்.

அந்தக் காலத்தில் புதிதாக இரண்டு குட்டிகள் வந்தன. இரண்டும் ஆண்கள். ஆணும் பெண்ணுமாக வாங்கியிருந்தால் மூன்று கிழமைச் சினைக்காலத்தில் பத்துக்குட்டி போட்டு வீட்டை நிறைத்திருக்கும். பிறந்து ஐந்தாறு கிழமையிலேயே எலி இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிவிடும் என்பதால் பால் பார்த்து வாங்குவது கட்டாயம். ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கியதற்கும் காரணமுண்டு. வயது வந்தவன் ஓய்வெடுக்க விரும்பும்போது குட்டிகள் தமக்குள் விளையாடிக்கொள்ளும். அடி விழுந்தாலும் ஒன்றே முழுவதையும் வாங்காது.

மூன்று கிழமை வேறு அறை. பிறகு துணி மாற்று. குட்டிகள் படுத்த துணியை வெள்ளையனுக்கும் அவன் படுத்ததைக் குட்டிகளுக்கும் கொடுத்தாள் பிள்ளை. முதல் நாள் அவன் அத்துணியை இழுத்துப் போய் மூலையில் புதைத்தான். ஐந்தாம் நாள் அதன் மீதே உறங்கினான். பிறகு கூடுகளை ஒரே அறையில், கம்பிக்கிடையே கால்விரல் கடிபடாதவாறு சாண் இடைவெளி விட்டு வைத்தாள். அதன் பிறகே நேர்ச் சந்திப்பு. அதுவும் எவருடைய கூட்டிலும் அன்று. குளியலறைத் தரையைக் கழுவித் துடைத்து, பழைய துவாய்களும் இருபக்கமும் திறந்த அட்டைக் குழாய்களும் போட்டு, எவருக்கும் சொந்தமில்லாத இடமாக்கினாள். பத்து நிமிடம், மறுநாள் பதினைந்து. முதல் நாள் வெள்ளையனின் மயிர் சிலிர்த்தது. உடனே பிரித்தாள். நான்காம் நாள் ஒரு குட்டியை மல்லாத்திப் பிடித்து அதன் கழுத்தைக் கோதினான். குட்டி கீச்சிட்டது. என் கை துவாயோடு எழுந்தது. "பொறுங்கள் மாமா, பிடரியில்தான்" என்றாள் அவள்.

அந்த நொடியில் எனக்கு நேர்ந்த நாணத்தை மறைக்க விரும்பவில்லை. நான் படித்துச் சொன்னதை அவள் பார்த்துக் கற்றிருந்தாள்.

பெரிய கூட்டை வினாகிரி கலந்த நீரால் கழுவி, உள்ளேயிருந்த சாமான்களை இடம் மாற்றி, உணவுக் கிண்ணத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் இரண்டிரண்டாக்கி, மூன்றையும் ஒருங்கே விட்டது பதினெட்டாம் நாள். அன்றிரவு அவள் கூட்டருகே பாய் போட்டுப் படுத்தாள். விடியற்காலையில் மூன்றும் ஒரே மண்சட்டிக்குள், எது யாருடைய வால் என்று தெரியாதபடி உறங்கிக்கொண்டிருந்தன.

எலியின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகவே போகும். ஆகவே துணையிழந்த எலிக்குப் புதுத்துணை தேடும் நாள், வளர்க்கும் வீடுகள் எல்லாவற்றிலும் வந்தே தீரும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களின் பிள்ளைகளும், ஒருநாள் கையில் ஒரு பெட்டியோடு வந்து நிற்கலாம். எங்கள் பிள்ளை என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம்.

விற்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பால் பிரித்து விற்கட்டும். தனியொன்றை விற்கும்போது, வீட்டில் ஏற்கெனவே எலி உண்டா என்று ஒரு கேள்வி கேட்கட்டும். உண்டு என்றால், வேறு கூடும் மூன்று கிழமைப் பொறுமையும் வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும். அதற்குக் காசு செலவில்லை.

பெரியவர்களிடம் கேட்பதுதான் அதிகம். வதந்தியை அச்சிலேற்றக் கூடாது என்று எத்தனையோ இளம் நிருபர்களைக் கடிந்திருக்கிறேன். வீட்டில் ஒரு குழந்தை கேட்டபோது, சரிபார்க்காத ஒன்றைச் சத்தியம் போலச் சொன்னேன். விறாந்தையில் நான் சொல்லத் தவறிய விடை ஐந்தே சொற்கள்: "எனக்குத் தெரியாது பிள்ளை, கேட்டுச் சொல்கிறேன்." அதைச் சொல்லியிருந்தால், எங்கள் முற்றத்து மாமரத்தடியில் ஒரு சிறு குழி தோண்ட வேண்டி வந்திராது.